மடைவாய்க்குக் கீழே

கண்மாயில் தண்ணீர் நின்ற இடத்திலிருந்து மடை வரைக்கும் முத்துமீனா மண்வெட்டியால் வாய்க்கால் வெட்டிவிட்டாள். தண்ணீர் அதில் பாதி தூரம் வந்து நின்றுவிட்டது. இன்னும் ஆழமாக வெட்டினாள். மடைவாய்க் கல் வரைக்கும் வந்தது, அதைத் தாண்டவில்லை.

கண்மாயின் நடுவில் நாரைகள் நிற்கும் அளவுக்குத் தண்ணீர் கிடந்தது. கரைக்கு வெளியே அவளுடைய நெல், கதிர் வாங்கும் நேரத்தில் நுனி கருகிக்கொண்டிருந்தது. போன வருஷமும் இதே மழைதான். தூர்வாராத கண்மாயிலிருந்து அப்போது மார்கழி முடிய மடை ஓடியது. இந்த வருஷம் தூர்வாரியும் ஏன் ஓடவில்லை?

"தூர்வாரணும்னு வீடு வீடா வந்து சொன்னியே மீனா, எங்கத்தா தண்ணி?" பக்கத்து வயல் தங்கப்பொண்ணு கரையில் நின்று கேட்டாள். "உன் பேச்சக் கேட்டு எம் புளியங்கொட்டை அம்புட்டையும் அந்தப் படத்து மேல போட்டேன். வறுத்துத் தின்னுருந்தாலும் பொழுது போயிருக்கும்."

கோடையில் மதுரையிலிருந்து ஒரு தொண்டு நிறுவனம் வந்திருந்தது. கண்மாயில் எந்த வேலையை முதலில் செய்வது என்று ஊரே முடிவு செய்யட்டும் என்றார்கள். முறை நல்ல முறைதான். கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால், தூர்வாருதல், மடைப் பழுது, கருவேலம் வெட்டுதல் என்று தரையில் படங்கள். ஆளுக்கு ஒரு கை புளியங்கொட்டை. எது அதிகம் வேண்டுமோ அதில் அதிகம் போடலாம். எழுதப் படிக்கத் தெரிய வேண்டாம். பெரிய ஆட்கள் முன்னால் எழுந்து பேசவும் வேண்டாம். முத்துமீனாவின் தெருவில் எல்லோருடைய அம்மாக்களும் அடுத்தவர் வயலில் கூலிக்கு நடவு நட்டவர்கள். கண்மாயைப் பற்றி அந்தத் தெருவை யாரும் கேட்டது அதுதான் முதல் தடவை. வேலையைக் கவனிக்கப் போட்ட கமிட்டியில் அந்தத் தெருவிலிருந்து இடம் கிடைத்தது முத்துமீனாவுக்குத்தான்.

தூர்வாருதல் ஜெயித்தது. ஆனால் எந்த இடத்தில், எவ்வளவு ஆழம் என்பதற்குப் படம் இல்லை. அதைக் கமிட்டித் தலைவர் சூரியபிரகாஷ் தன் செங்கல் சூளையில் ஒரு கூட்டம் போட்டு முடிவு செய்தார். அந்தக் கூட்டத்துக்கு முத்துமீனாவுக்குத் தகவல் வரவில்லை.

அவள் கணவன் வீரணன் கொத்தனார். சாயங்காலம் டியூப் லெவலை எடுத்துக்கொண்டு வந்தான். தண்ணீர் நிரப்பிய நீளமான பிளாஸ்டிக் குழாய் அது. இரண்டு முனையையும் எவ்வளவு தள்ளிப் பிடித்தாலும் உள்ளே தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். ஒரு முனையை அவள் மடைவாய்க் கல்லில் பிடித்தாள். மறுமுனையோடு அவன் தண்ணீருக்குள் இறங்கினான்.

"ஒரு சாண் கீழ கெடக்கு புள்ள."

"தண்ணியா?"

"ஆமா. மடை மேல இருக்கு, தண்ணி கீழ இருக்கு. எப்படி ஏறும்?"

வீட்டு டிரம்மில் குழாயை அடியிலிருந்து ஒரு முழம் மேலே வைத்தால், அந்த முழத்துக்குக் கீழே உள்ள தண்ணீர் குழாயில் வராது. டிரம்மின் அடியை இன்னும் ஆழமாக்கினால், வராத தண்ணீர்தான் கூடும். கண்மாயிலும் அதுதான் நடந்தது. நடுவில் நல்ல களிமண் இருந்தது. சூளைக்காக அங்கேயே தோண்டினார்கள். வந்த மழைத் தண்ணீர் முதலில் அந்தக் குழியை நிரப்பியது. மடை மட்டத்துக்கு ஏற மிச்சம் இல்லை.

மறுநாள் சூளைக்குப் போனாள். சுடாத செங்கல் வரிசை வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தது.

"கண்மாயில தண்ணி இருக்கா இல்லையாம்மா?" என்றார் சூரியபிரகாஷ்.

"இருக்குண்ணே. மடைக்குக் கீழ இருக்கு."

"ஊரே சேந்து கேட்ட வேல. நான் என் இஷ்டத்துக்கா செஞ்சேன்? உன் தெருதான் கொட்டைய அள்ளி அள்ளிப் போட்டுச்சு."

"மோட்டார் வச்சு எறச்சு மடையில விட்டுக்கிறோம். இன்னும் ரெண்டு தண்ணி பாஞ்சா கதிர் பிடிச்சிரும்."

"மீன் விட்ருக்குல்ல. மீன் குத்தகைக்காரன் சும்மா இருப்பானா?"

நிறுவனத்துக்கு போன் போட்டாள். இந்த வருஷத்துக்கு எந்த வேலை என்று முடிவாகிவிட்டது, அடுத்த கூட்டத்தில் சொல்லுங்கள் என்றார்கள். அவர்களுடைய ஆண்டறிக்கையின் அட்டையில் அவள் படம்தான் என்றும் சந்தோஷமாகச் சொன்னார்கள். தூர்வாரும் படத்தின் மேல் அவள் கொட்டை போடும் போட்டோ.

நெல் பதராகிப் போனது. தை மாதம் அறுப்புக்குப் பதிலாக வயலில் மாடுகளை மேய அவிழ்த்துவிட்டார்கள்.

பங்குனியில் கண்மாய் வற்றியதும் தெருவே மண்வெட்டியோடு இறங்கியது. தங்கப்பொண்ணு திட்டிக்கொண்டேதான் வந்தாள். ஆனாலும் கூடையைக் கீழே வைக்கவில்லை. சூரியபிரகாஷ் வண்டியை நிறுத்திப் பார்த்தார்.

"என்னப்பா வீரணா, கண்மாய்க்குள்ள கண்மாய் கட்டுறீகளா?"

"ஆமாண்ணே. நடுவுல இருக்கது உங்க கண்மாய். எங்க கண்மாய் அதச் சுத்தி."

அவர்கள் செய்தது இதுதான். குழியைச் சுற்றி, மடைவாயைவிட ஒரு முழம் உயரமாக ஒரு மண்கரை. அதற்கு மண்ணை மடைவாய் மட்டத்துக்கு மேலே மேடிட்ட இடங்களில் மட்டும் வெட்டினார்கள். அங்கே எடுக்கும் ஒவ்வொரு கூடை மண்ணும் மடைக்கு ஒரு கூடைத் தண்ணீர். இனி வரும் தண்ணீர் முதலில் மடைக்குப் போகும். கரையைத் தாண்டி வழிவது குழிக்குப் போகும்.