பன்னிரண்டு கூடை ஐஸ்

அவர்கள் படை எங்கள் ஊரைப் பிடித்து ஏழு மாதம் ஆகிறது. எங்கள் படகுத்துறையில் இப்போது அவர்கள் கொடிதான் பறக்கிறது. எந்தப் படகு கிளம்பினாலும் அவர்கள் சிப்பாய் ஏறிப் பார்த்து, சீட்டில் முத்திரை குத்த வேண்டும். பயம் பழகிவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன். பழகவில்லை என்று அன்று காலைதான் தெரிந்தது.

என் தம்பி அவர்களுடைய எண்ணெய்க் கிடங்குக்குத் தீ வைத்தவன். பிடித்தால் துறையிலேயே தூக்கு. என் வீட்டுக்காரருடைய படகில், மீன் போடும் அடியறையில், தார்ப்பாய்க்குக் கீழே அவனைப் படுக்க வைத்திருந்தோம்.

நான் ஐஸ் பேக்டரியில் கட்டி உடைக்கிறவள். கடலுக்குப் போகும் ஒவ்வொரு படகுக்கும் பன்னிரண்டு கூடை கொட்டுவது என் வேலை. இந்தப் படகுக்கு மட்டும் கொட்டவில்லை. தம்பிக்குக் குளிருமே என்று விட்டுவிட்டேன். பாசம் வந்தால் என் மூளை லீவு போட்டுவிடும்.

முத்திரை குத்தும் சிப்பாய் நம் பேச்சை அரைகுறையாகக் கற்றவன். அடியறையை எட்டிப் பார்த்தான்.

"ஐஸ் எங்க? மீன் பிடிக்கத்தானே போற?"

என் வீட்டுக்காரர் குனிந்து வலையை மடிக்க ஆரம்பித்தார். சிப்பாய் ஏணியில் கால் வைத்தான். இன்னும் நாலு படி இறங்கினால் தார்ப்பாய். நான் கூடையோடு ஓடினேன்.

"இந்த மனுஷனுக்கு என்னைக்கு ஞாபகம் இருந்திருக்கு? தலை கழுத்தோட ஒட்டியிருக்கு, பொழைச்சோம். இல்லேன்னா அதையும் வீட்டுலயே வச்சுட்டு வந்துடுவாரு. கொஞ்சம் நகருங்கய்யா, கொட்டிடறேன்."

சிப்பாய் சிரித்தபடி காலை எடுத்துக்கொண்டான். ஆனால் போகவில்லை. விளிம்பில் உட்கார்ந்து பார்த்தான்.

முதல் கூடையை ஓரமாகச் சரித்தேன்.

"நடுவுல," என்றான்.

நடுவில் கொட்டினேன். தார்ப்பாய் லேசாக எழுந்து தாழ்ந்தது. தம்பியின் மூச்சு. அது சிப்பாயின் கண்ணில் படுவதற்குள் அடுத்த கூடையை அதே இடத்தில் கவிழ்த்தேன். அதன்மேல் இன்னொன்று. ஒன்பதாவது கூடைக்குப் பிறகு அசைவே தெரியவில்லை.

"போதுங்களா?" என்றேன்.

"எல்லாப் படகுக்கும் பன்னெண்டுதானே?"

மிச்ச மூன்றையும் கொட்டினேன். முத்திரை விழுந்தது. ரோந்துக் கப்பலைத் தாண்டி அடியறையைத் திறக்க இரண்டு மணி நேரம் ஆகும். என் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்க்காமல் கயிற்றை அவிழ்த்தார்.

"சீக்கிரம் போங்க," என்று மட்டும் சொன்னேன்.

அடுத்த படகுக்காரர் ஐஸ் கேட்டுக் கூப்பிட்டார். கூடையைத் தூக்கப் போனேன், பிடி கிடைக்கவில்லை. விரல் பத்தும் மரத்துக் கிடந்தன. கூடையைப் பிடித்த கைக்கே இப்படி.