ஸ்டியரிங் பெட்டிக்குத் தோல் வளையம்

சடையப்பனுடைய லாரிக்கு ஸ்டியரிங் பெட்டி ஒழுகுகிறது என்பது உத்திரமேரூரில் தெருநாய்க்கும் தெரியும். எந்தத் தெருவில் எவ்வளவு நேரம் வண்டி நின்றது என்று மண்ணில் விழுந்த எண்ணெய்த் திட்டை வைத்தே சொல்லிவிடுவார்கள். யுத்தம் முடிந்ததும் பட்டாளத்துக்காரர்கள் ஏலத்தில் தள்ளிவிட்ட வண்டி அது. பதினாலு வருஷமாக அதை ஓட்டுகிறவன் இருசப்பன். வண்டி சடையப்பனுடையது என்று பேர்தான்; பொண்டாட்டியை விட அதிக நேரம் அதோடு குடித்தனம் பண்ணியவன் இவன்.

போன வாரம் அந்த வண்டி ரைஸ் மில் மதிலைப் போய் இடித்தது. நல்ல பட்டப்பகலில், எதிரே ஒரு கோழி கூட இல்லாதபோது. சடையப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

"பெட்டில எண்ண நிக்கல மொதலாளி. காஞ்சு இறுவிப் பூடுச்சு. திருப்புனா திரும்ப மாட்டேங்குது" என்றான் இருசப்பன்.

"சனிக்கெயமக்குள்ள ரிப்பேர் பண்ணு. மாகறல் நெல்லு, தாமல் நெல்லு எல்லாம் களத்துல கெடக்குது. ரிப்பேர் பண்ணியும் இடிச்சின்னு வையி, காஞ்சிவரத்துலேர்ந்து வேற டிரைவர இட்டாந்துடுவேன். அப்பால என் மேல வருத்தப்படாத."

இதில் இன்னொரு சங்கதி இருக்கிறது. இருசப்பனுடைய வலது தோள் கார்த்திகையிலிருந்து சரியில்லை. கையைத் தூக்கினால் மார்பு மட்டத்துக்கு வரும், அதற்கு மேல் ஏறாது. இதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. தனக்குத் தானே கூடச் சொல்லிக்கொள்ளவில்லை. அவனாக ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தான்: எண்ணெய் ஒழுகிப் போனதால் ஸ்டியரிங் இறுகிற்று, இறுகினதைத் திருப்பித் திருப்பித் தோள் இறுகிற்று, ஒழுகல் நின்றால் ஸ்டியரிங் இளகும், ஸ்டியரிங் இளகினால் தோளும் இளகிவிடும். மனுஷன் பயத்தில் போடும் கணக்கு எப்படியெல்லாம் இருக்கிறது பாருங்கள்! ஆனால் இரண்டு மாதமாக அந்தக் கணக்கை நம்பித்தான் அவன் சோறு தின்று தூங்கி எழுந்தான்.

சனிக்கிழமை காலையில் மில்லுக்குப் பின்னால் இலுப்பை மரத்தடியில் வண்டியின் முன்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கினான். அவன் பொண்டாட்டி அம்முலு கூலிக்குப் போகாமல் கூட வந்திருந்தாள். பெட்டியிலிருந்து கீழே இறங்கும் இரும்புத் தண்டைச் சுற்றி, எண்ணெயைத் தடுக்க ஒரு வளையம் உண்டு. அது மக்கிப்போய்க் கையோடு துண்டு துண்டாக வந்தது. காஞ்சிபுரத்துக் கடையில் முன்பே கேட்டாயிற்று, அந்தச் சாமான் இல்லை. மெட்ராஸிலிருந்து வர பத்து நாள் ஆகும் என்று சொல்லிவிட்டார்கள்.

"தோலுதானே இது?" என்று மக்கின துண்டை மோந்து பார்த்தாள் அம்முலு.

"தோலுதான். அதுக்கு இன்னா இப்போ?"

"ரெட்டியார் கெணத்துல மாடு கட்டி கவல எறைச்ச தோலு வேலில கெடக்குது. அத்தன வருசம் தண்ணிய தாங்குன தோலு. உன் எண்ணைய தாங்காதா?"

அவன் சிரித்தான். சிரித்துவிட்டு யோசித்தான். யோசித்து முடிப்பதற்குள் அவள் போய்ச் சேதி சொல்லிக் கேட்டு வாங்கி, தலையில் சுமந்துகொண்டே வந்துவிட்டாள். கிணற்றில் தண்ணீர் மொள்ளும் சாலின் அடியில் தொங்கிய அந்தத் தோல் குழாய் கிழிந்திருந்தாலும், ஓரத்தில் ஒரு முழம் நல்லதாக இருந்தது. அதை வெதுவெதுப்பான விளக்கெண்ணெயில் ஊறப் போட்டாள். ஏரிக் களிமண்ணைப் பிசைந்து தண்டின் மேல் அப்பி அளவு எடுத்தாள். அறுக்கிறதற்கு அவனுடைய சவரக்கத்தியை மடியிலிருந்து எடுத்தாள்.

"அடிப்பாவி, நான் மூஞ்சிக்கு இன்னாமே பண்றது?"

"நீதான் ஒரு மாசமா மூஞ்சில கத்தியே வெக்கலியே."

"வேண்டுதலு."

"எந்த சாமிக்கு?"

"எல்லா சாமிக்கும்தான்."

அம்முலு அவனை ஒரு தரம் பார்த்தாள். பிறகு தோலை அறுக்க ஆரம்பித்தாள்.

தோல் ஊறி, அறுத்து, மறுபடி ஊறும் வரைக்கும் அவனுக்கு வேலை இல்லை. தண்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டு வண்டிக்கு அடியிலேயே மல்லாந்து படுத்தான். தை மாசத்து வெயில் இலுப்பை இலைக்குள் புகுந்து, பலகை இடுக்கு வழியாக அவன் வயிற்றின் மேல் வந்து அசைந்துகொண்டிருந்தது. மில் எஞ்சின் தொப்பு தொப்பென்று தூரத்தில் அடித்துக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் எப்போது கண் சொக்கிற்று என்று அவனுக்கே தெரியவில்லை.

வண்டி ஏரிக்கரை மேல் போய்க்கொண்டிருந்தது. ஸ்டியரிங்கில் ஒரு விரல்தான் வைத்திருந்தான், அதுவும் சும்மா மரியாதைக்கு. அவன் நினைத்த பக்கம் வண்டி திரும்பிற்று. கரை ஓரிடத்தில் முடிந்துபோயிற்று. ஆனாலும் வண்டி நிற்கவில்லை, தண்ணீர் மேலேயே இறங்கிப் போயிற்று. சக்கரம் நனையவில்லை. கீழே மேகம் போயிற்று, மேகத்துக்கு நடுவே நெல் நாற்று நின்றது. வலது கையை வெளியே நீட்டி ஒரு கொக்கின் முதுகைத் தடவிக் கொடுத்தான். கை எத்தனை உயரம் வேண்டுமானாலும் போயிற்று. பக்கத்துச் சீட்டில் அம்முலு உட்கார்ந்து, "இன்னும் மேல, இன்னும் மேல" என்றாள். அந்தச் சந்தோஷத்தில் அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"யோவ், எயுந்திரு. ஆயிடுச்சு" என்று காலைப் பிடித்து உலுக்கினாள் அம்முலு.

வளையம் தண்டில் ஏறி, பள்ளத்துக்குள் போய் அம்சமாக உட்கார்ந்தது. மேலே தட்டு வைத்து முடுக்கி, கழற்றியதையெல்லாம் மாட்டி, பெட்டி நிறைய எண்ணெய் ஊற்றினார்கள். அந்த வழியாகப் போன இரண்டு பேரிடம் அம்முலு, "நான் அறுத்ததுதான்" என்று கேட்காமலே சொன்னாள். ஒரு சொட்டு விழுந்தாலும் தெரியட்டும் என்று அடுப்புச் சாம்பலைப் பெட்டிக்கு நேர் கீழே பரப்பினாள். பொழுது சாயும் வரை சாம்பல் அப்படியே வெள்ளையாக இருந்தது.

"ஏறி உக்காந்து திருப்பு. திருப்பும்போது ஒழுவுதா பாக்கறேன்" என்று அவள் வண்டிக்கு அடியில் புகுந்தாள்.

இருசப்பன் ஏறி உட்கார்ந்தான். இடது கையை வேண்டுமென்றே மடியில் வைத்துக்கொண்டான். கனவு இன்னும் உடம்பை விட்டுப் போகவில்லை. வலது கையால் ஸ்டியரிங்கைப் பிடித்து மேலே தள்ளினான். ஸ்டியரிங் வந்தது. கொஞ்ச தூரம் போனதும் நின்றது. ஈட்டியால் குத்தினாற்போல் தோளில் வலித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடியும் தள்ளினான். அதே இடத்தில்தான் நின்றது.

"இன்னாய்யா, நிறுத்திட்டே?" என்று அடியிலிருந்து குரல் வந்தது. அவளே எழுந்து வந்து, படியில் ஏறி, ஜன்னல் வழியாகக் கையை விட்டு ஒரே விரலால் ஸ்டியரிங்கைச் சுற்றினாள். முன் சக்கரம் இரண்டும் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் திரும்பின.

"ஐய, வெண்ண மாதிரி கீதுய்யா!" என்று பூரித்துப் போய்ச் சொன்னாள். அப்புறம்தான் அவன் முகத்தைப் பார்த்தாள். விரலை எடுத்துவிட்டாள்.

இரண்டு மாதமாகப் போட்ட கணக்கு ஒரு விரலில் முடிந்துபோயிற்று. பெட்டி சரியாகிவிட்டது, இவன்தான் சரியாகவில்லை. இனி லாரி இல்லை, டிரைவர் என்று கூப்பிட ஆள் இல்லை. வயலில் இறங்கவும் தோள் வேண்டும்.

சடையப்பன் மில்லிலிருந்து வந்தார். "இன்னா இருசப்பா, ஒழுவுறது நின்னுச்சா?"

இவன் வாயைத் திறப்பதற்குள் அம்முலு படியிலிருந்து குதித்து முன்னால் போய் நின்றாள்.

"இல்லீங்க. இன்னும் ஒழுவுது. நான் அறுத்த தோலு சரியில்லீங்க. பொம்பள செஞ்ச வேல, எப்பிடி நிக்கும்? மெட்ராஸ்லேர்ந்து சாமான் வர்ற வரிக்கும் ஸ்டியரிங்கு இப்பிடித்தான் இறுவும்."

பத்து நாள் கிடைக்கும். பத்து நாளில் தோள் சரியானாலும் ஆகலாம், யார் கண்டது? இருசப்பன் அவளைப் பார்த்தான். விரலெல்லாம் களிமண் காய்ந்து வெடித்திருந்தது, கட்டைவிரலில் கத்தி பட்டு ரத்தம் உறைந்திருந்தது. வழியில் போனவர்களிடம் பெருமையாகச் சொன்ன வேலையை இப்போது அவளே காறித் துப்புகிறாள், இவனுக்காக. அதை அவனால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை.

"பொய்யி சொல்றா மொதலாளி" என்று இறங்கி வந்தான். "ஒரு சொட்டு ஒழுவல. கம்பெனிக்காரன் பண்ணாக்கூட இப்பிடி அமையாது. நீங்களே பாருங்க."

சடையப்பன் குனிந்து சாம்பலைப் பார்த்தார். நிமிர்ந்து அம்முலுவைப் பார்த்தார்.

"அப்போ இத்தினி நாளா இன்னாத்துக்குடா திரும்பல?"

இருசப்பன் வலது கையைத் தூக்கினான். அது மார்பு வரைக்கும் வந்து நின்றது.

"இவ்ளோதாங்க வருது" என்றான்.