வண்டிக்காரன் மெட்டும் ஜோஸ்பினின் கீபோர்டும்

1

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. ரஷ்யாவின் முதல் தேசிய ஆப்பெராவை, அதாவது இசை நாடகத்தைப் பற்றி எங்கோ படித்தேன். கிளிங்கா என்பவர் இத்தாலிய இசை சலித்து ஊர் திரும்பி, ஒரு குடியானவனை நாயகனாக்கி, தம் மண்ணின் மெட்டுகளில் அமைத்தாராம். சீமான்கள் சிலர் ‘வண்டிக்காரன் பாட்டு’ என்று முகம் சுளித்தார்களாம்.* அந்தச் சுளிப்பு எனக்குப் பழக்கமானது. உடனே தொடங்கினேன்:

பனி கொட்டிக்கொண்டிருந்தது. பீட்டர்ஸ்பர்க்கில் ஒரு வண்டிக்காரன்—

வேண்டாம். நான் கண்ட குளிரெல்லாம் கொடைக்கானலோடு சரி. திண்டுக்கல்லிலேயே எழுதுகிறேன்.

* அதில் ஒரு மெட்டை உண்மையிலேயே ஒரு வண்டிக்காரரிடம்தான் கேட்டாராம். கிளிங்கா அதற்கு வெட்கப்படவில்லை.

2

ஜோஸ்பின் மாதா கோயில் பாடகர் குழுவில் கீபோர்டு வாசிப்பவள். யார் வீட்டுக் கல்யாணப் பூசைக்கும் அதே இங்கிலீஷ் மெட்டுகளை வாசித்துக் களைத்துப்போனவள். [இவள் இவ்வளவு களைத்திருக்க வேண்டுமா? நானே களைத்திருக்கிறேன், இருக்கட்டும்.] நாளைக்குத் தன் மகள் ஜெரினுக்குக் கல்யாணம். அவள் கோயிலுக்குள் நடந்து வரும்போது வாசிக்க, சொந்தமாக ஒரு மெட்டுப் போட்டிருந்தாள்.

ஒத்திகையின்போது, பழைய பக்கத்து வீட்டுக்காரி அங்கம்மாள் சின்னாளப்பட்டியிலிருந்து சுங்குடிச் சேலையோடு வந்தாள். வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

“செத்த நேரம் நிறுத்து தாயி. இது ஒன் வீட்டுக்காரருக்கு நான் வச்ச ஒப்பாரில்ல?”

ஜோஸ்பினின் கை நின்றது. கணவன் சூசையின் உடலருகே எதுவும் காதில் விழாதவளாகத்தான் அன்று உட்கார்ந்திருந்தாள். இத்தனை நாள் தன்னுடையது என்று நம்பிய மெட்டு. வெட்கமாக இருந்தது. அதைவிட அழுகையாக வந்தது.

“சம்பந்தி வீட்டுல கண்டுபிடிச்சிருவாங்களாக்கா?”

“எங்கூருப் பக்கந்தான அவுக? கல்யாணத்துல இழவு மெட்டான்னு எந்திரிச்சுப் போயிருவாக.”

ஜெரின் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். “மாத்தாதீங்கம்மா. அப்பாவும் வந்த மாதிரி இருக்கட்டும்.”

3

முடிவு (அ): பழைய இங்கிலீஷ் மெட்டையே வாசிக்கிறாள். எல்லாருக்கும் நிம்மதி. பிரியாணியும் பிரமாதம். சூசை மட்டும் வரவில்லை.

முடிவு (ஆ): ஒப்பாரியையே வாசிக்கிறாள். சம்பந்தியம்மா எழுந்து—

இதை முடிக்க எனக்குத் தெம்பில்லை. எத்தனை கல்யாணத்தைத்தான் ஒருத்தன் கதையில் நிறுத்துவது?

(கிளிங்காவுக்கு ஒரு வசதி இருந்தது. அவர் தம் மகளின் கல்யாணத்துக்கு மெட்டுப் போடவில்லை.)

கோயில் மணி அடித்தாயிற்று. அங்கம்மாள் கடைசி பெஞ்சில், வாயைச் சேலைத் தலைப்பால் பொத்தியபடி இருக்கிறாள். ஜோஸ்பினின் விரல்கள் கட்டைகளுக்கு மேலே நிற்கின்றன. நான் எழுந்து போகிறேன். நீங்கள் என் இடத்தில் உட்காருங்கள். ஜெரின் வாசலில் நிற்கிறாள், ரொம்ப நேரம் நிற்க வைத்துவிடாதீர்கள்.