நூற்றைம்பத்து மூன்று மெழுகுவர்த்திகள்

கேக்கில் பதினேழு மெழுகுவர்த்தி நட்டாயிற்று. பதினெட்டாவதைக் காணோம். கேரன் அதைக் கைக்குள் பொத்திக்கொண்டு சோபா மூலையில் உட்கார்ந்திருந்தாள். நவமணிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பிறந்தநாளும் அதுவுமாக இதென்ன பிடிவாதம் என்று மகளைக் கேட்டாள்.

“வேணாம்மா. அண்ணனுக்குப் பதினேழுதான் வச்சோம். நான் பதினெட்டு வச்சா அண்ணனைத் தாண்டிருவேன்.”

நவமணியின் கோபம் போன இடம் தெரியவில்லை. மூத்தவன் கீத், பதினேழாவது பிறந்தநாள் கொண்டாடிய மறுமாதமே, ஈப்போவை ஒட்டிய கோப்பெங் சாலையில் மோட்டார் சைக்கிளோடு லாரிக்கடியில் போனவன். மூன்று வருடமாகிறது. தங்கச்சி அண்ணனைவிட மூத்தவளாகப் போகும் நாள் ஒன்று வரும் என்று எந்தத் தாய் யோசித்து வைத்திருப்பாள்?

கீத்துக்கு நூற்றைம்பத்து மூன்று என்றால் பைத்தியம். ஈஸ்டருக்குப் பிறகு ஒரு ஞாயிறு, சீடர்கள் வலையில் நூற்றைம்பத்து மூன்று மீன் விழுந்த கதையைப் பாதர் வாசித்தார். கோயிலில் எல்லாரும் மீனைக் கேட்டார்கள். இவன் எண்ணைப் பிடித்துக்கொண்டான். ஒன்றிலிருந்து பதினேழு வரை கூட்டினால் அதுதான் வருமாம். “இதுவரைக்கும் எனக்கு ஏத்துன மெழுகுவர்த்தி மொத்தம் நூத்தியம்பத்தி மூணுப்பா” என்று கடைசிப் பிறந்தநாளில் அப்பா மத்தியாஸிடம் பீற்றிக்கொண்டான். ஃபேக்டரி பஸ் ஓட்டிக் களைத்து வந்திருந்த மனிதர் வாய்விட்டுச் சிரித்தார். அந்தக் கூட்டல் அதோடு நின்றுவிட்டது.

இன்னொரு வித்தையும் காட்டினான். ஓர் எண்ணில் உள்ள ஒவ்வோர் இலக்கத்தையும் மூன்று முறை எழுதிப் பெருக்கி, வந்ததையெல்லாம் கூட்ட வேண்டும். விடையையும் அப்படியே செய்துகொண்டே போனால் கடைசியில் 153இல் வந்து நிற்கும். அதற்கு மேல் அசையாது. அதைச் செய்தால் அதுவேதான் வரும்.

நவமணி கேக் பெட்டியின் மூடியைக் கிழித்து, பென்சிலைத் தேடி எடுத்தாள். பதினெட்டு. ஒன்றுக்கு ஒன்று, எட்டுக்கு 512, கூட்டினால் 513. ஐந்துக்கு 125, ஒன்றுக்கு ஒன்று, மூன்றுக்கு 27. கூட்டிப் பார்த்தாள். 153.

“பாரு, பதினெட்டும் அண்ணங்கிட்டதான் வந்து நிக்குது. நீ எங்கயும் தாண்டல லா. வையி.”

கேரன் அந்த அட்டையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மெழுகுவர்த்தியை நட்டாள். மத்தியாஸ் ஏற்றினார். அந்த ஈப்போ ஃப்ளாட்டில் மூன்று வருடம் கழித்து ஒரு பிறந்தநாள் பாட்டு கேட்டது.

அதோடு விட்டிருக்கலாம். பெற்ற மனதுக்குத்தான் போதும் என்பதே கிடையாதே. அடுத்த வருடத்துக்கும் மகனை இப்போதே அழைத்து வைத்துவிட வேண்டும் அவளுக்கு. பத்தொன்பது என்று எழுதினாள். ஒன்று, 729, கூட்டினால் 730. ஏழுக்கு 343, மூன்றுக்கு 27, கூட்டினால் 370. 370ஐயும் அப்படியே செய்தாள். 370. கைப்பேசியில் தட்டிப் பார்த்தாள். அதே 370.

“மூணால வகுபடுற நம்பர் மட்டும்தாம்மா அங்க வரும். அண்ணே அன்னிக்கே சொன்னுச்சு.”

அன்றைக்கு நவமணி நெத்திலி பொரித்துக்கொண்டிருந்தாள். எண்ணெய்ச் சத்தத்தில் பாதிதான் காதில் விழுந்திருந்தது.

“அப்ப அடுத்த வருஷம்?”

“வராதும்மா” என்றாள் கேரன்.

நவமணி அட்டையைத் திருப்பிப்போட்டு, பத்தொன்பதை மறுபடியும் எழுதினாள்.