பன்னிரண்டு நிமிடப் படம்

மூக்கிலிருந்த ஆக்சிஜன் குழாயை மறுபடியும் இழுத்துப் போட்டுவிட்டு அப்பா மணி கேட்டார்.

"பத்தே கால்," என்றாள் மகள், குழாயைத் திரும்ப மாட்டியபடி. "இன்னும் இருபத்தேழு நிமிஷம் இருக்குப்பா. இதைப் புடுங்காம இருங்க."

"டேப்பு?"

"எடுத்து வெச்சாச்சு."

டேப்பு என்று அவர் சொன்னது ஆன்டெனாவை. இரும்பு அளவு டேப்பைத் துண்டு துண்டாக வெட்டி, பிளாஸ்டிக் குழாயில் திருகி அவரே செய்தது. முப்பத்து நாலு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். வேலை முடிந்து வந்தாலும் மேலே போகிற சமாச்சாரம்தான். ராக்கெட் கிளம்பும் நாளில் வீட்டில் ஒருவரும் மூச்சுவிடக் கூடாது. எங்கோ ஒரு விண்கலத்துக்கு ஓய்வு கொடுக்கிறார்கள் என்று செய்தி வந்தால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. இத்தனைக்கும் சொந்தத் தம்பியின் பணி ஓய்வு விருந்துக்குக் கால் வலி என்று போகாமல் இருந்த மனுஷன்.

இன்றைக்கு ஓய்வு ஒரு வானிலை செயற்கைக்கோளுக்கு. அவர் அதைப் 'பெரியவர்' என்பார். இரண்டு வருடம் உழைத்தால் போதும் என்று அனுப்பியது, இருபத்தொரு வருடமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. மதியம் அணைத்துவிடுவார்கள். அதற்கு முன் பத்து நாற்பத்திரண்டுக்குக் கடைசியாக ஒருமுறை இந்த ஊர் வழியாகப் போகும். வானத்தைக் கடக்கப் பன்னிரண்டு நிமிடம். போகிற போக்கில் கீழே தெரியும் மேகங்களை ஒலியாக மாற்றி அனுப்பும். அந்த ஒலியை ரேடியோவில் பிடித்து, போனில் பதிந்து, கம்ப்யூட்டரில் போட்டால் வரி வரியாகப் படம் விழும்.

"நாலு மாடி லிஃப்டுக்கே மாசாமாசம் எண்ணெய் போட்டேன்," என்றார் அப்பா. அந்த ஒரு வாக்கியத்துக்கு மூன்று முறை மூச்சு வாங்கியது. "அவரை ஒரு கை தொட்டதில்ல. அவரைப் போய் அணைக்கிறானுங்க."

நேற்று டாக்டர் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, ஒன்றிரண்டு நாள்தான் என்று சொல்லிவிட்டுப் போனார். மருந்துக் கடையில் வேலை பார்ப்பவளுக்கு அதை இன்னொருவர் சொல்ல வேண்டியதில்லை, சீட்டைப் பார்த்தபோதே தெரிந்துவிட்டது. மாத்திரை, ஊசி, வேண்டுதல் எல்லாமே கையை விரித்துவிட்டன. இந்தப் படத்தை அவர் கண்ணில் காட்டிவிட வேண்டும். அவளால் முடிந்தது என்று இனி அது ஒன்றுதான் இருந்தது.

"இப்ப இதுதான் ரொம்ப முக்கியமா?" என்றாள் அம்மா. "பேசாம பக்கத்துல உக்காருடி."

"பன்னெண்டே நிமிஷம்மா. ஒரு குரல் குடு, ஓடி வந்துடறேன்."

அப்பா கண்ணை மூடிக்கொண்டே கையை மட்டும் அசைத்தார், போ என்று.

மொட்டைமாடியில் வெயில் பிளந்தது. ரேடியோவைச் சுவர் மேல் வைத்தாள். அழைப்பு எதுவும் வந்து பதிவைக் கெடுக்காமலிருக்க போனின் இணைப்பை அணைத்து, ரேடியோவின் வாயருகே வைத்தாள். சரியாகப் பத்து நாற்பத்திரண்டுக்கு, தண்ணீர்த் தொட்டிக்கு மேலே ஆன்டெனாவை நீட்டியதும், இரைச்சலுக்குள்ளிருந்து டிக் டிக் என்று கிளம்பியது. அழுகை முட்டியது. மூக்கை உறிஞ்சக்கூட பயம். பக்கத்தில் எழும் எந்தச் சத்தமும் பதிவில் ஏறிப் படத்தைக் கிழித்துவிடும்.

ஒலியின் பின்னாலேயே கையைக் கொண்டுபோனாள். ஆறாவது நிமிடம் ஆன்டெனா நேரே தலைக்கு மேல் நின்றது. அப்போது கீழேயிருந்து அம்மா கூப்பிட்டாள்.

"குட்டிமா, கீழ வாடி."

காலையிலிருந்து அம்மா பதினைந்து தடவையாவது இப்படிக் கூப்பிட்டிருப்பாள், தலையணை சரிந்துவிட்டது, ஃபேனைக் குறை, தண்ணீர் கொண்டா என்று. மகள் வாயைத் திறந்தாள். 'வரேன்' என்று சொன்னால் அதுவும் படத்தில் விழும். மூடிக்கொண்டாள். இன்னும் ஆறே நிமிடம்.

அம்மா மறுபடியும் கூப்பிட்டாள். இம்முறை நீளமாக, பெயர் சொல்லாமல். கொஞ்சம் பொறுத்துக்கம்மா, கொஞ்சம் பொறுத்துக்க என்று உள்ளுக்குள் கெஞ்சினாள். ஆன்டெனாவை அசையவிடவில்லை. மூன்றாவது தடவை கூப்பிடவில்லை. அப்பாடா, அம்மாவே சமாளித்துவிட்டாள் என்று நினைத்தாள்.

ஒலி தேய்ந்து இரைச்சலானதும் படிகளை இரண்டிரண்டாகத் தாவி இறங்கினாள்.

அம்மா கட்டிலில் உட்கார்ந்து அப்பாவின் கையைத் தன் மடியில் வைத்திருந்தாள். ஆக்சிஜன் குழாய் தலையணை மேல் கிடந்தது. இயந்திரம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"ரெண்டு தடவ கூப்பிட்டேன்டி," என்றாள் அம்மா.

"கேக்கலம்மா."

"உன்னைத்தான் கேட்டாரு."

அவள் அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள். "அப்பா, வந்துடுச்சுப்பா. ஒரு நிமிஷம், ஒரே நிமிஷம்." லேப்டாப்பை இழுத்து அவர் காலருகே வைத்தாள். பதிவை ஏற்றுவதற்குள் கை இரண்டு தடவை தப்பான இடத்தைத் தட்டியது. "வருதுப்பா, பாருங்க, வருது." அம்மா அவளைத் தடுக்கவில்லை.

படம் மேலிருந்து இறங்கியது. மேகச் சுருள், கடற்கரையின் வளைவு, எல்லாம் அத்தனை துல்லியம். இத்தனை வருடத்தில் அப்பாவுக்கே இப்படி ஒரு படம் விழுந்ததில்லை. பாதிக்கு வந்ததும் குறுக்கே ஒரு சாம்பல் பட்டை. கொஞ்சம் கீழே இன்னொன்று, முதலாவதைவிட அகலமாக. அதற்குப் பிறகு கடைசி வரி வரைக்கும் ஒரு கீறல் இல்லை.

அவள் லேப்டாப்பை மூடப் போனாள். அம்மா அவள் கையைப் பிடித்தாள்.

"நடுவுல என்னடி அது, பட்டையா?"

"மேகம்மா."

"எந்த இடத்துல?"

"நம்ம ஊருக்கு மேல."

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பினாள். எதிர் வீட்டுக் கொடியில் காய்ந்த துணிகள் மேல் வெயில் கண் கூசும்படி அடித்துக்கொண்டிருந்தது.