துப்பாக்கிக்கு ரசீது

திங்கட்கிழமை என்றால் எனக்கு மூக்குக்குத்தான் வேலை. மனு கொடுக்க வருகிறவர்களின் தண்ணீர் பாட்டில்களை ஒவ்வொன்றாகத் திறந்து முகர்ந்து பார்க்க வேண்டும். மண்ணெண்ணெயோ பெட்ரோலோ உள்ளே போய்விடக் கூடாது. பத்து வருஷமாக அரசு அலுவலக வாசல்களில் நிற்கும் ஏட்டு நான், பெயர் ரேவதி. சீரகத் தண்ணீரையும் வெறும் தண்ணீரையும் கண்ணை மூடிக்கொண்டே பிரித்துச் சொல்லிவிடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

துப்பாக்கியைத் தேடு என்று அதுவரை யாரும் சொன்னதில்லை. போன மாதம்தான் ஒரு சுற்றறிக்கை வந்தது. லைசென்ஸ் உள்ள துப்பாக்கியானாலும் கட்டிடத்துக்குள் கொண்டுபோகக் கூடாது, வாசலிலேயே ஒப்படைக்க வேண்டும். கூடவே, உலோகத்தைக் கண்டால் கத்துகிற கதவு ஒன்றும் வந்து இறங்கியது. ஒப்படைத்ததைப் பூட்டிவைக்கும் பெட்டி மட்டும் வரவில்லை. திருவண்ணாமலையில் எவன் இடுப்பில் துப்பாக்கியோடு மனு கொடுக்க வரப்போகிறான் என்று வாய்விட்டுச் சிரித்தேன்.

அந்தத் திங்கள் பௌர்ணமிக்கு மறுநாள். கிரிவலம் முடித்த கூட்டம் இன்னும் ஊரைவிட்டுப் போகவில்லை. கதவு காலையிலிருந்து ஓயாமல் கத்தியது. வெள்ளி அரைஞாணுக்குக் கத்தியது, இடுப்பில் செருகிய சாவிக்கொத்துக்குக் கத்தியது. “போங்க, போங்க” என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்தது.

பத்தரை மணிக்கு இருசப்பன் வந்தார். கீழ்பென்னாத்தூர்க்காரர். ராணுவத்திலிருந்து வந்தபின் இங்கே ஒரு நகைக்கடையில் காவல் வேலை. கிணற்றோடு சேர்ந்த நாற்பது சென்ட் நிலத்தை அவருடைய தம்பி சுப்பன் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டான். அதற்காக எட்டு மாதமாக மனுவும் கையுமாக நடக்கிறார். அன்றைக்குக் கடைசி விசாரணை. பதினொரு மணிக்குக் கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் தள்ளுபடி. எனக்கு அவர்மேல் மரியாதை. வரிசையில் இடித்துக்கொண்டு நிற்கிறவர்களை அவர் ஒரு அதட்டலில் ஒழுங்குபடுத்திவிடுவார்.

கதவு கத்தியது.

“பெல்ட்டும்மா” என்றார்.

‘போங்கய்யா’ என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் அவர் சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். பெல்ட்டை யாரும் அப்படி மறைக்க மாட்டார்கள்.

“சட்டைய கொஞ்சம் தூக்குங்கய்யா.”

தூக்கினார். தோல் உறைக்குள் கைத்துப்பாக்கி.

“எட்டு மாசமா இத வெச்சிக்கினா வந்தீங்க?”

“இங்கிருந்து நேரா டூட்டிக்குப் போவணும்மா. லைசென்ஸ் இருக்குது. நீ பாட்டில மட்டுந்தான் மோந்து பாப்ப, இத எங்க கேட்ட?”

எனக்குச் சுருக்கென்றது.

“உள்ள எடுத்துனு போவ முடியாதுங்க. ஸ்டேஷன்ல குடுத்துட்டு வாங்க.”

“இந்தக் கூட்டத்துல போய் வர ஒரு மணி நேரம் ஆவும். இன்னிக்கி வுட்டா நெலம் போச்சும்மா.”

கெஞ்சவில்லை, விறைப்பாக நின்றுதான் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. அவர்மேல், பெட்டி அனுப்பாதவர்கள்மேல், எட்டு மாதம் ஏமாந்த என்மேல். வாசலில் ஒப்படைக்க வேண்டும் என்றுதானே உத்தரவு? பெட்டி இல்லையென்றால் நான்தான் பெட்டி. ஒரு மனுப் படிவத்தின் பின்பக்கம் துப்பாக்கி எண்ணை எழுதி, ஆறு தோட்டா என்று எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். தோட்டாக்களை அவரே கழற்றித் தந்தார். எல்லாவற்றையும் என் கைப்பைக்குள் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டேன். அவர் வேகமாகப் படியேறினார்.

அப்புறம் ஒன்றரை மணி நேரம் என் மூக்கு வேலை செய்யவே இல்லை. அடி அண்ணாமலையிலிருந்து வந்த ஒரு பெண், “மோருதாங்க அது, எத்தினி வாட்டி பாப்பீங்க?” என்று சலித்துக்கொண்டாள்.

பன்னிரண்டு மணிக்கு முதலில் வெளியே வந்தது சுப்பன். போனில், “நமக்குத்தான், முடிஞ்சிடுச்சி” என்று சிரித்துக்கொண்டே என்னைக் கடந்து போனான். கொஞ்சம் பொறுத்து இருசப்பன் வந்தார்.

“அவனுக்கே போட்டுட்டாங்களா?”

தலையை ஆட்டினார். நான் பையைத் திறந்து, “தோட்டாவ எண்ணிப் பாத்துக்குங்கய்யா” என்று துப்பாக்கியை நீட்டினேன்.

அவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“வேணாம்மா. நீயே ஸ்டேஷன்ல குடுத்துடு. இனிமே வேணாம்னு எழுதித் தர்றேன்.”

“இது இல்லன்னா கடையில வெச்சிப்பாங்களா?”

“மாட்டாங்க.”

“அப்புறம் ஏன்யா?”

“உத்தரவு படிச்சதும் அவன் என்னப் பாத்து சிரிச்சான்” என்றார். “என் கை தானா இடுப்புக்குப் போச்சும்மா. உறை மட்டுந்தான் இருந்துது.”

நான் துப்பாக்கியைத் திரும்பப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தேன். ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் சுப்பன் கீழ்பென்னாத்தூர் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தான். அவன் ஏறிப் போகிறவரை இருசப்பனை என் நாற்காலியில் உட்காரவைத்து, முன்னால் மறைத்துக்கொண்டு நின்றேன்.