முப்பத்தேழாம் எண்ணை நீக்கலாமா?

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை என் அக்காவிடமிருந்து சுட்டது. ஒரு மருத்துவமனையின் ஆய்வுப் பிரிவில் அவள் புள்ளியியல் பார்ப்பவள். புது இதய மருந்து வேலை செய்கிறதா இல்லையா என்று சொல்ல வேண்டியது அவள் பொறுப்பு.

முதல் தொடக்கம்: ‘அன்று காலை கணினித் திரையில் விதி ஓர் எண்ணாக வந்து —’

(சே, சினிமா வசனம். அடித்துவிட்டேன்.)

2

பி-மதிப்பு 0.054. அதாவது, மருந்தில் ஒன்றுமே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், வெறும் தற்செயலாக இவ்வளவு வித்தியாசமோ இதைவிட அதிகமோ தெரிய, நூற்றில் ஐந்து தடவைக்குச் சற்று மேல் வாய்ப்பு உண்டு. [‘மருந்து வீணாக இருக்க ஐந்து சதவீத வாய்ப்பு’ என்றுதான் முதலில் எழுதியிருந்தேன். அக்கா தலையில் குட்டினாள்: “அது வேற, இது வேறடா!”] அது ஐந்துக்குக் கீழே, அதாவது 0.05-க்குக் கீழே, வந்தால்தான் மருந்து தொடரும்; ஆய்வில் சேர்ந்த யாரையும் கணக்கிலிருந்து நீக்கக் கூடாது. ஆய்வு தொடங்கும் முன்பே இப்படி எழுதிக் கையெழுத்துப் போட்டவள் அவளேதான்.

3

தலைமை மருத்துவரை வில்லனாக்கப் பார்த்தேன். முடியவில்லை. நல்ல மனிதர், பாவம். கண் கலங்கித்தான் கேட்டார்.

“முப்பத்தேழாம் நம்பரை எடுத்துட்டுப் பாருங்க மேடம். பத்து நாள் மாத்திரையே போடல அவரு.”

“மருந்து குடுத்த குழுவுல செத்துப்போனவரு டாக்டர் அவரு.”

“மத்தவங்க உயிரோட இருக்காங்களே. மருந்தை நிறுத்தினா அவங்க கதி?”

அக்கா நீக்கிப் பார்த்தாள். 0.046. பார்த்திருக்கவே கூடாது. பார்த்துவிட்டாள்.

4

“இந்தக் கதையை எத்தனை தடவை எழுதின?” என்றாள் அக்கா.

“ஆறு.”

“நல்லா வந்ததை மட்டும் காட்டுவ. மத்த அஞ்சும்?”

என் முகம் தொங்கிப்போனது. சரி, மறைக்காமல் சொல்கிறேன். இரண்டில் அவள் 0.046 என்று எழுதிக்கொடுக்கிறாள், மருந்து தொடர்கிறது. மூன்றில் மறுக்கிறாள். இன்னொன்றில் அவளை அழவைத்தேன். நிஜத்தில் அவள் அழவில்லை. சாப்பிடவும் இல்லை.

5

முடிவு என்னிடம் இல்லை. இருப்பது இவ்வளவுதான்: அன்று மதியம், அறிக்கை இன்னும் முடியாமல் மேசையில் கிடந்தபோது, முப்பத்தேழாம் எண்ணின் மனைவி மிச்ச மாத்திரைகளைத் திருப்பிக் கொடுக்க வந்தார். நடந்த பேச்சு எதுவும் அவருக்குத் தெரியாது.

“அவரையும் கணக்குல சேர்த்துக்கிட்டீங்கல்லம்மா? மத்தவங்களுக்காவது பிரயோஜனமா இருக்கட்டும்.”

அக்கா என்ன பதில் சொன்னாள் என்பதை ஆறு தடவையும் என்னால் எழுத முடியவில்லை. கீழே இடம் விட்டிருக்கிறேன். நீங்கள் சொல்லுங்கள். அந்த அம்மா நின்றுகொண்டிருக்கிறார்.